கண்ணுக்குள் தங்கிய பெர்ஸ்பெக்ஸ்: ஹெரால்ட் ரிட்லியின் லென்ஸ், ஒரு நிகழ்வு ஆய்வு

1949 நவம்பர் 29. லண்டனில் உள்ள செயின்ட் தாமஸ் மருத்துவமனையில், நாற்பதுகளில் இருந்த ஒரு பெண்ணுக்குக் கண்புரை அறுவை. செய்தவர் கண் மருத்துவர் ஹெரால்ட் ரிட்லி. புரை படிந்த லென்ஸை எடுத்துவிட்டு, பெர்ஸ்பெக்ஸ் என்ற பிளாஸ்டிக்கில் கடைந்த ஒரு குட்டி லென்ஸை அதே இடத்தில் உட்கார வைப்பதுதான் திட்டம். வேலை இரண்டு தவணையாக நடந்தது. லென்ஸ் நிரந்தரமாக உள்ளே போனது 1950 பிப்ரவரி 8 அன்றுதான். கண் அதை ஏற்றுக்கொண்டது. அப்புறம் கண்ணாடிக்குப் பவர் பார்த்தார்கள். மைனஸ் 18. கூடவே சிலிண்டர், அதாவது ஒரு திசையில் மட்டும் வேண்டிய பவர், மைனஸ் 6.

கண்ணாடி போடுகிறவர்களுக்கு இந்த எண்ணின் கனம் தெரியும். மைனஸ் 6 என்றாலே கடைக்காரர் மெல்லிய கண்ணாடியாகப் போடச் சொல்லிக் கூடுதல் விலை கேட்பார். லென்ஸே இல்லாமல் விட்டிருந்தால் அந்தப் பெண்ணுக்குப் பிளஸ் 10-ஐ ஒட்டித் தேவைப்பட்டிருக்கும். லென்ஸ் வைத்த பிறகு எதிர்த்திசையில் அதைவிட அதிகம் தேவைப்பட்டது.

இந்த நிகழ்வைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் போர் விமானியில் ஆரம்பித்து, லண்டன் மேதையைத் தொட்டு, அவருக்குக் கிடைத்த சர் பட்டத்தில் முடிப்பார்கள். எனக்கு அந்த மைனஸ் 18-இல் ஆரம்பிப்பதுதான் சரி என்று படுகிறது. ரிட்லி தேர்ந்தெடுத்த பொருள் முதல் நாளே தேறிவிட்டது. தேறாதது அதைச் சுற்றி இருந்த மற்ற எல்லாம்: வளைவு, எடை, கழுவிய மருந்து, பிடிமானம். ஒவ்வொரு தவறும் ஒவ்வொரு துறையின் வாசலில் கிடந்தது. ஆனால் முப்பது வருடம் சண்டை நடந்தது என்னவோ பொருளைப் பற்றித்தான்.

சோடாபுட்டிக் காலம்

எழுபதுகள், எண்பதுகளில் கண் முகாமில் ஆபரேஷன் முடித்து வீடு திரும்பிய தாத்தா பாட்டிகளைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். கண்ணாடிக்குப் பின்னால் கண் இரண்டும் பெரிதாக, பிதுங்கி நிற்பதுபோல் தெரியும். சோடாபுட்டிக் கண்ணாடி என்று பிள்ளைகள் கேலி செய்யும். உள்ளே இருந்து பார்க்கிறவருக்கு உலகமும் அப்படித்தான் இருந்தது. எல்லாமே கால்வாசிக்கு மேல் பெரிதாகத் தெரியும். படிக்கட்டு இருக்கும் இடம் ஒன்று, கால் போகும் இடம் இன்னொன்று. கண்ணாடியின் ஓரத்தில் வட்டமாக ஒரு குருட்டுப் பகுதி. பக்கவாட்டிலிருந்து வரும் ஆள் அதற்குள் மறைந்து, திடீரென முன்னால் முளைப்பார். கண்ணாடி உடைந்தால் மறுபடியும் குருடு. ஒரு கண்ணில் மட்டும் புரை என்றால் இன்னும் மோசம். இரண்டு கண்ணும் வெவ்வேறு அளவில் படம் காட்டினால் மூளையால் ஒட்ட முடியாது. எதுவும் இரண்டிரண்டாகத் தெரியும். ரிட்லியின் முதல் நோயாளி இந்த வகை.

புரையை அகற்றுவது பழைய வித்தை. ஊசியால் குத்தி லென்ஸைக் கண்ணின் அடியில் தள்ளிவிடும் முறையைச் சுஸ்ருத சம்ஹிதை சொல்கிறது. பிரெஞ்சு மருத்துவர் ஜாக் தாவியேல் 1740-களில் லென்ஸை வெளியே எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தில் கண் நோயாளிகளின் விவரங்களைப் படத்தோடு எழுதிவைத்த ஏடுகள் சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. எடுப்பதில் இவ்வளவு தேர்ந்திருந்தார்கள். எடுத்த இடத்தில் என்ன வைப்பது என்பதுதான் நிற்காத கேள்வி. 1795 வாக்கில் ஜெர்மனியின் டிரெஸ்டனில் கசாமாத்தா என்ற கண் மருத்துவர் கண்ணாடி லென்ஸ் ஒன்றை வைத்துப் பார்த்தார். அது நேரே கண்ணின் அடியாழத்துக்கு விழுந்துவிட்டது. ஏன் விழுந்தது என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

விமானிகளின் கண்

1940 ஆகஸ்ட் 15. பிரிட்டன் வான்போரின் உச்சம். 601-ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த கார்டன் கிளீவர் என்ற விமானியின் விமானம் சுடப்பட்டது. அன்று அவர் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் ஏறியிருந்தார். தலைக்கு மேலிருந்த பெர்ஸ்பெக்ஸ் கூண்டு வெடித்துச் சிதறி, துணுக்குகள் இரண்டு கண்களிலும் பாய்ந்தன. பாராசூட்டில் குதித்து உயிர் பிழைத்தார். வலது கண் போய்விட்டது. முகத்துக்கும் கண்ணுக்குமாகப் பதினெட்டு அறுவைகள். இடது கண்ணில் துணுக்குகள் உள்ளேயே தங்கின, பார்வையும் தங்கியது.

இங்கே ஒரு சின்னத் திருத்தம். ஸ்பிட்ஃபயர் விமானத்தின் கண்ணாடியிலிருந்து பிறந்த லென்ஸ் என்று இந்தக் கதை ஊரெல்லாம் சுற்றுகிறது. கிளீவர் அன்று ஓட்டியது ஹரிகேன். இரண்டிலும் பெர்ஸ்பெக்ஸ்தான் என்பதால் அறிவியலுக்கு நஷ்டமில்லை. பெயர் அழகாக இருக்கும் விமானத்துக்குக் கதை தாவிவிட்டது, அவ்வளவுதான்.

ரிட்லி இப்படிப்பட்ட விமானிகளைத் தொடர்ந்து கவனித்தவர். கண்ணுக்குள் இரும்புத் தூள் போனால் துருப்பிடித்து விழித்திரையை விஷமாக்கும். செம்பு இன்னும் மோசம். சில நாட்களில் கண்ணே சீழாகலாம். அன்றைய கண் மருத்துவர்கள் பாதி வாழ்நாளை இப்படிப்பட்ட அந்நியப் பொருட்களை வெளியே எடுப்பதில் செலவழித்தவர்கள். பெர்ஸ்பெக்ஸ் துணுக்கு மட்டும் கண்ணுக்குள் கிடந்தும் கண் சும்மா இருந்தது. ஆண்டுக்கணக்கில் சும்மா இருந்தது. யாரும் திட்டமிடாத, எந்த நெறிக்குழுவும் அனுமதி தந்திருக்க முடியாத ஒரு சோதனையின் முடிவு, கிளீவரின் கண்ணுக்குள் உட்கார்ந்திருந்தது.

பிறகு போர் முடிந்தது. ஒருநாள் ரிட்லி புரை எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்த மாணவர் ஒருவர், எடுத்த லென்ஸுக்குப் பதிலாக வேறொன்றை வைக்க முடியாதது பரிதாபம் என்று சொன்னாராம். பச்சைப் பிள்ளை கேள்வி. ரிட்லி அதற்கு முன்பே இதை யோசித்துக்கொண்டிருந்தார் என்றும் சொல்வார்கள். மாணவர் ஒருவர் வாய்விட்டுக் கேட்டதும், தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த காரியத்துக்கு இனிச் சாக்கு இல்லாமல் போயிருக்கும் என்பது என் ஊகம்.

என்ன பொருள் அது

பெர்ஸ்பெக்ஸின் வேதியியல் பெயர் பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட், சுருக்கமாக பி.எம்.எம்.ஏ. முப்பதுகளில் ஜெர்மனியில் பிளெக்ஸிகிளாஸ் என்றும் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் பெர்ஸ்பெக்ஸ் என்றும் வணிகத்துக்கு வந்தது. நம் ஊரில் கடைப் பெயர்ப்பலகை வைக்கிறவர்கள் அக்ரிலிக் ஷீட் என்று வாங்குகிறார்களே, அதே குடும்பம். மேலே விழும் ஒளியில் 92 சதவீதத்தை உள்ளே விடும். கண்ணாடியில் பாதிக்கும் குறைவான அடர்த்தி: பெர்ஸ்பெக்ஸ் 1.19, சாதாரணக் கண்ணாடி 2.5 அளவில். உடைந்தாலும் துரு, அயனி என்று எதையும் கசியவிடாது.

ஆனால் கடையில் கிடைக்கும் பெர்ஸ்பெக்ஸில் பாலிமராக மாறாமல் மிஞ்சிய மூல வேதிப்பொருளும், வேறு சேர்மானங்களும் இருக்கும். விமானக் கூண்டுக்கு அது பாதகமில்லை. கண்ணுக்குள் வாழ்நாள் முழுக்க இருக்கப்போவதற்கு அது போதாது. ரிட்லி ரெய்னர் என்ற கண்ணாடி நிறுவனத்தின் ஜான் பைக்கைப் பிடித்தார். இருவரும் வேலை நேரம் முடிந்த பிறகு, லண்டன் கேவென்டிஷ் சதுக்கத்தில் நிறுத்திய ரிட்லியின் காரில் உட்கார்ந்து பேசிய பேச்சிலிருந்துதான் லென்ஸ் உருவெடுத்தது. பைக் ஐ.சி.ஐ.யில் ஜான் ஹோல்ட்டை அழைத்தார். ஹோல்ட் கண்ணுக்கென்றே தூய்மையான பெர்ஸ்பெக்ஸ் தயாரித்துக் கொடுத்தார். இதில் பணம் பார்ப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். ரிட்லி லென்ஸுக்குக் காப்புரிமைத் தொகை என்று எதுவும் வாங்கவில்லை. ஒரு மருத்துவர், ஒரு கண்ணாடிக்காரர், ஒரு வேதியியலாளர். இன்று இதே வேலைக்கு எத்தனை பேர் கொண்ட குழு, எத்தனை ஆண்டு அனுமதி, எத்தனை கோப்பு என்று நினைத்தால் சிரிப்பும் வருகிறது, கொஞ்சம் பயமும் வருகிறது.

மைனஸ் 18 எங்கிருந்து வந்தது

ரிட்லியும் பைக்கும் இயற்கை லென்ஸின் வடிவத்தைப் பார்த்துச் செய்தார்கள். கண்ணின் ஒளியியலை அளந்து மாதிரிக் கணக்குகள் தந்தவர் சுவீடனின் ஆல்வர் குல்ஸ்ட்ராண்ட். அதற்காக 1911-இல் மருத்துவ நோபல் பெற்றவர். அவர் கணக்குப்படி, கண் லென்ஸின் முன்பக்க வளைவு ஆரம் 10 மில்லிமீட்டர், பின்பக்கம் 6 மில்லிமீட்டர். லென்ஸ் முழுவதையும் ஒரே பொருளாக எடுத்தால் ஒளிவிலகல் எண், அதாவது ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதன் அளவு, 1.41-ஐ ஒட்டி வரும். பெர்ஸ்பெக்ஸுக்கு 1.49.

1.41-க்கும் 1.49-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். காற்றில் வைத்தால் பெரிய வித்தியாசமில்லைதான். காற்றின் எண் 1, ஆக, 0.41 இருந்த இடத்தில் 0.49. ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். ஆனால் கண் லென்ஸ் காற்றில் இல்லை. 1.336 எண் கொண்ட நீர்மத்தில் மிதக்கிறது. அங்கே கணக்கில் வருவது வித்தியாசம் மட்டும்தான். இயற்கை லென்ஸுக்கு 0.07, பெர்ஸ்பெக்ஸுக்கு 0.15. ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் என்று மேசையில் தெரிந்தது, கண்ணுக்குள் இரண்டு மடங்காகிவிடுகிறது.

தடிமனைச் சேர்க்காமல் தோராயமாகக் கணக்குப் போட்டாலே போதும். அந்த வளைவுகளோடு இயற்கை லென்ஸ் 19 டயாப்டர் (லென்ஸ் பவரின் அலகு) தரும். அதே வளைவில் பெர்ஸ்பெக்ஸ் 41 தரும். கூடுதலான 22 டயாப்டரைக் கண்ணுக்கு வெளியே போடும் கண்ணாடியின் பவராக மாற்றினால் மைனஸ் 18-ஐ ஒட்டி வந்து நிற்கிறது. அந்தப் பெண்ணின் சீட்டில் எழுதியிருந்த எண் அதுதான். பிளஸ் டூ மாணவர் போடக்கூடிய கணக்கு. திரும்பிப் பார்க்கும்போது எல்லாக் கணக்கும் எளிதுதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கண்ணுக்குள் வைத்த லென்ஸின் பவரை அதற்கு முன் அளந்து பார்க்க உலகில் ஒரு கண்கூட இருந்ததில்லை.

சிலிண்டர் 6 வேறு கதை. அது பெரும்பாலும் வெட்டுக்காயத்தின் வேலை. அகலமாக வெட்டித் திறந்து தைத்தால் கருவிழி (கண்ணின் முன்னால் இருக்கும் தெளிவான வளைந்த படலம், கார்னியா) ஒரு பக்கம் இழுபட்டு, உருண்டையாக இருந்தது முட்டை வடிவமாகும்.

பவர் தவறு சீக்கிரம் சரியானது. அடுத்தடுத்த லென்ஸ்களில் வளைவைத் தட்டையாக்கினார்கள். ஆனாலும் ஒவ்வொரு கண்ணுக்கும் தனிப் பவர் கணக்கிட்டுத் தருவது அப்போது முடியாது. கண்ணின் நீளத்தில் 1 மில்லிமீட்டர் பிசகினால் பவரில் இரண்டரை டயாப்டருக்கு மேல் பிசகும். உயிருள்ள கண்ணின் நீளத்தைத் துல்லியமாக அளக்க மீயொலிக் கருவி வர வேண்டியிருந்தது. லென்ஸ் பவருக்கான சூத்திரத்தை ரஷ்யாவின் ஃபியோதரோவ் வெளியிட்டது 1967-இல்.

எடை, கழுவல், பிடிமானம்

ரிட்லியின் லென்ஸ் அகலத்தில் 8 மில்லிமீட்டரைத் தாண்டியது. காற்றில் எடை 112 மில்லிகிராம். இன்றைய லென்ஸ் அதில் ஐந்தில் ஒரு பங்கு. கண்ணின் நீர்மத்தில் மிதப்பதால் எடை குறையுமே என்று கேட்கலாம். குறையும். 1.19 அடர்த்தி கொண்ட பொருள் நீருக்குள் தன் எடையில் ஆறில் ஒரு பங்குதான் காட்டும், அதாவது 18 மில்லிகிராம் அளவு. அதே அளவில் கண்ணாடி லென்ஸ் செய்திருந்தால் 140 மில்லிகிராம், ஏறத்தாழ எட்டு மடங்கு. கசாமாத்தாவின் லென்ஸ் ஏன் அடியில் போய் விழுந்தது என்று இப்போது புரியும். அந்த வகையில் பெர்ஸ்பெக்ஸ் நல்ல தேர்வு.

ஆனால் கண் சும்மா இருக்கும் உறுப்பில்லை. ஒரு வரியைப் படித்து முடிக்கும்போது அது பல தடவை வெட்டி வெட்டி நகரும். நகரும்போது மிதப்பு உதவாது. 112 மில்லிகிராம் நிறை முழுவதும் தன் நிலைமத்தோடு இழுக்கும். ரிட்லியின் லென்ஸில் இன்றுபோல் பிடித்துக்கொள்ளும் கொக்கிகள் இல்லை. வெறும் வட்டத் தட்டு. பழைய லென்ஸை மூடியிருந்த மெல்லிய உறையின், அதாவது பையின், பின்பக்கத்தின் மேல், கண்மணித் திரைக்கு (ஐரிஸ்) பின்னால் சும்மா உட்கார்ந்திருந்தது. பை எங்காவது கிழிந்திருந்தால் சரிந்துவிடும். சில கண்களில் சரிந்தது.

இதில் ரிட்லி எடுத்த ஒரு முடிவைத் தனியாகச் சொல்ல வேண்டும். அன்றைய கெட்டிக்கார மருத்துவர்கள் லென்ஸைப் பையோடு சேர்த்து முழுசாக எடுப்பதையே உயர்ந்த முறையாக நினைத்தார்கள். ரிட்லி முன்பக்கத்தைத் திறந்து உள்ளே இருப்பதை மட்டும் எடுத்து, பின்பையை விட்டுவைத்தார். சக மருத்துவர்கள் பார்வையில் அது பின்னோக்கிப் போவது. லென்ஸ் உட்கார வேறு இடமில்லை என்பதால் அவருக்கு வேறு வழியுமில்லை. இன்று உலகம் முழுக்க லென்ஸ் வைப்பது அந்தப் பைக்குள்தான்.

கழுவல் விஷயம் எனக்கு இந்த நிகழ்விலேயே மிகவும் சுவாரசியமான பகுதி. பி.எம்.எம்.ஏ. 105 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். மருத்துவமனையில் கருவிகளைச் சுத்திகரிக்கும் நீராவிக் கொப்பரை 121 டிகிரி. லென்ஸை அதில் போட்டால் வளைவு போய்விடும். எனவே செட்ரிமைடு என்ற கிருமிநாசினிக் கரைசலில் ஊறவைத்தார்கள். கிருமி செத்தது. ஆனால் லென்ஸின் மேற்பரப்பில் மருந்து மிஞ்சி ஒட்டிக்கொண்டது. கண்ணுக்குள் போய் அழற்சியைக் கிளப்பியது. அறுவைக்குப் பிறகு கண் சிவந்து, உள்ளே வெள்ளையாகப் படிந்தபோது, பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? பிளாஸ்டிக் ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான். ஐம்பதுகளின் பிற்பகுதியில் ஃபிரெடரிக் ரிட்லி என்ற இன்னொரு கண் மருத்துவர் காஸ்டிக் சோடாக் கரைசலில் சுத்திகரித்து, பிறகு அதை நடுநிலையாக்கும் முறையைக் கொண்டுவந்தார். அவர் ஹெரால்ட் ரிட்லிக்கு உறவல்ல, பெயர்தான் ஒன்று. முறை மாறியதும் அந்த வகை அழற்சி அடங்கியது. பொருளின் மேல் விழுந்த பழி பொருளின் மேல் ஒட்டியிருந்த அழுக்குக்கு உரியது.

ஆக்ஸ்போர்டில் நடந்தது

ரிட்லி இரண்டு வருடம் வாயைத் திறப்பதில்லை என்று இருந்தார். போதுமான நோயாளிகள், போதுமான காலம் ஆன பிறகு வெளியிடலாம் என்பது எண்ணம். ரகசியம் உடைந்ததற்கும் அந்தப் பெயர்க் குழப்பமே காரணம் என்று சொல்வார்கள்: ரிட்லியின் நோயாளி ஒருவர் தவறுதலாக ஃபிரெடரிக் ரிட்லியிடம் போய் நிற்க, அவர் உள்ளே லென்ஸைப் பார்த்துவிட்டார். 1951 ஜூலையில் ஆக்ஸ்போர்டு கண் மருத்துவ மாநாட்டில் ரிட்லி தன் நோயாளிகள் இருவரோடு போய் நின்றார். பிரிட்டிஷ் கண் மருத்துவத்தில் அன்று முடிசூடா மன்னர் சர் ஸ்டூவர்ட் டியூக்-எல்டர். அவர் அந்த நோயாளிகளைப் பார்க்கவே மறுத்துவிட்டார். அமெரிக்காவிலும் மூத்தவர்கள் சிலர் இதைப் பொறுப்பற்ற செயல் என்றார்கள்.

டியூக்-எல்டரை வில்லனாக்குவது சுலபம். பார்க்க மறுத்தது எந்தக் காலத்திலும் நியாயப்படுத்த முடியாதது. அறிவியலில் கண்ணை மூடிக்கொள்வதற்குப் பெயர் எச்சரிக்கை இல்லை, அதுவும் ஒரு கண் மருத்துவர். ஆனால் எதிர்ப்பை முழுக்கப் பொறாமை என்று தள்ளிவிடவும் என்னால் முடியவில்லை. பழைய முறையில் சோடாபுட்டியோடாவது ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புது முறையில் லென்ஸ் சரிந்த கண்கள் இருந்தன, அழற்சியில் கெட்ட கண்கள் இருந்தன. கண்ணுக்குள் தவறு நடந்தால் இரண்டாம் வாய்ப்பு அரிது. ரகசியமாகச் செய்தது ரிட்லியைக் காப்பாற்றவுமில்லை. ஆரம்பத்திலேயே ஒளியியல் தெரிந்த இன்னும் இரண்டு பேர் வரைபடத்தைப் பார்த்திருந்தால், மைனஸ் 18 காகிதத்திலேயே பிடிபட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

எதிர்த்தவர்கள் கேட்ட கேள்விதான் தவறு. கண்ணுக்குள் அந்நியப் பொருள் இருக்கலாமா என்று கேட்டார்கள். அதற்கு 1940-லிருந்து விமானிகள் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எந்த இடத்தில், எந்த எடையில், எதால் கழுவி, எதில் மாட்டி என்று கேட்டிருந்தால் பத்து வருடம் மிச்சமாகியிருக்கும்.

ஏனென்றால் ஒத்துக்கொள்வது என்பது பொருளின் குணம் மட்டுமில்லை, இடத்தின் குணமும்கூட. ஐம்பதுகளில் பலர் பின்பையை விட்டுவிட்டு, கண்ணின் முன்னறையில், கருவிழிக்கு அருகே லென்ஸை மாட்டிப் பார்த்தார்கள். வைப்பது எளிது. ஆனால் கருவிழியின் உட்புறத்தில் ஒற்றை வரிசையாக இருக்கும் செல்கள்தான் நீரை வெளியே இறைத்து அதைத் தெளிவாக வைத்திருக்கின்றன. அவை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. லென்ஸ் உரச உரச, சில வருடங்களில் கருவிழியே வெளுத்துப்போனது. அதே பி.எம்.எம்.ஏ., இரண்டு மில்லிமீட்டர் முன்னால், வேறு முடிவு. பல்செட்டில் ஆண்டுக்கணக்காக அமைதியாக இருக்கும் இதே பொருள், இடுப்பு மூட்டு மாற்றுச் சிகிச்சையில் சிமென்டாக இருக்கும்போது, தேய்ந்து தூளானால் எலும்பை அரிக்க வைக்கும். பொருளியல் ஆய்வகத்தில் இருக்கும் துண்டும் உடம்புக்குள் இருக்கும் துண்டும் ஒன்றில்லை.

இந்த முன்னறைத் தோல்விகளின் பழியும் சேர்ந்து ரிட்லியின் தலையில் விழுந்தது. உலகம் முழுக்க ரிட்லி வகை லென்ஸ் சுமார் ஆயிரம் கண்களோடு நின்றுபோனது. அவர் மனம் சோர்ந்து, 1971-இல் ஓய்வு பெற்றார். அவருடைய மாணவர் பீட்டர் சாய்ஸ் விடவில்லை. இருவருமாக 1966-இல் லென்ஸ் வைப்பவர்களுக்கென்று ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். நெதர்லாந்தில் பிங்கார்ஸ்ட் லென்ஸைக் கண்மணித் திரையில் கவ்வ வைத்தார். 1977 வாக்கில் அமெரிக்காவின் ஷியரிங், வளைந்த இரண்டு மெல்லிய கம்பிகளோடு லென்ஸைப் பின்னறைக்கே திரும்பக் கொண்டுபோனார். ரிட்லி முதலில் வைத்த இடத்துக்கு ஒரு முழுச்சுற்று. அதற்குள் அறுவை நுண்ணோக்கி, மயிரிழைத் தையல் எல்லாம் வந்துவிட்டன; கருவிழிச் செல்களைக் காக்கும் ஹையலூரானிக் கூழும் அடுத்த சில வருடங்களில் வந்து சேர்ந்தது. 1981-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒப்புதல் தந்தது.

மதுரை

அந்தச் சண்டை ஓய்ந்த இடத்தில் இன்னொன்று ஆரம்பித்தது. இந்தத் தடவை பணத்தைப் பற்றி. எண்பதுகளின் பிற்பகுதியில் வெளிநாட்டு லென்ஸ் ஒன்றின் விலை நூறு டாலர் அளவில். ஏழை நாடுகளுக்கு இது கட்டாது, பையோடு லென்ஸை எடுத்துக் கண்ணாடி கொடுத்தால் போதும் என்று சர்வதேச அமைப்புகளில் பலர் நினைத்தார்கள். பணக்காரருக்கு லென்ஸ், ஏழைக்குச் சோடாபுட்டி என்று நேராக யாரும் சொல்லவில்லை. கணக்கு அப்படித்தான் வந்தது.

அரவிந்த் கண் மருத்துவமனையை டாக்டர் கோ. வெங்கடசாமி அரசு வேலையில் ஓய்வு பெற்றபின் 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கியிருந்தார். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன கையாலேயே புரை எடுத்துப் பழகியவர். லென்ஸை வாங்கிக் கட்டுப்படியாகாது என்றால் செய்துவிடலாமே என்ற யோசனையில், அமெரிக்க நண்பர்களின் உதவியோடு 1992-இல் ஆரோலேப் உருவானது. பி.எம்.எம்.ஏ. துண்டைக் கடைசலில் கடைந்து, மெருகேற்றி, எத்திலீன் ஆக்சைடு வாயுவில் சுத்திகரித்து அனுப்பினார்கள். விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கியது, பிறகு இன்னும் இறங்கியது. இன்று நூறு நாடுகளுக்கு மேல் போகிறது. உலக வங்கி உதவியோடு 1994-இல் தமிழ்நாடு உட்பட ஏழு மாநிலங்களில் தொடங்கிய கண்புரைத் திட்டத்தின் காலத்தில் அரசு முகாம்களும் லென்ஸ் பக்கம் திரும்பின. இப்போது ஆபரேஷன் ஆச்சா என்று யாரும் கேட்பதில்லை; லென்ஸ் வைத்தாச்சா என்றுதான் கேட்கிறார்கள்.

மேல்நாடுகளில் மடித்துச் செலுத்தும் மென்மையான அக்ரிலிக் லென்ஸ் வந்தபோது, கடினமான பி.எம்.எம்.ஏ. பழசாகிவிட்டது என்றார்கள். சிறு வெட்டில் கையாலேயே புரை எடுக்கும் முறையோடு அது நம் முகாம்களில் இன்னும் பல வருடம் ஓடியது. மடிக்கும் லென்ஸும் வேதியியலில் அதே அக்ரிலிக் குடும்பத்தின் தங்கைதான்.

கடைசியாக இரண்டு கண்கள்

ரிட்லி 1986-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 2000-இல், 93 வயதில், சர் பட்டம். 2001-இல் காலமானார். இடையில் 1990-இல் அவருக்கே புரை விழுந்து, அதே செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் லென்ஸ் வைத்துக்கொண்டார். மற்றொன்று கார்டன் கிளீவரின் இடது கண். நாற்பத்தேழு வருடம் பெர்ஸ்பெக்ஸ் துணுக்குகளோடு வேலை செய்த அந்தக் கண்ணிலும் புரை வந்தது. 1987-இல் புரையை எடுத்துவிட்டு அதில் லென்ஸ் வைத்தார்கள். நன்றாகத் தெரிந்தது.